கேலரி கட்டும் முன், கேலரியில் ஏறும் முன்

கோவிலம்பாக்கத்தில் இருந்து சேப்பாக்கம் போவது சுலபம். வேளச்சேரி வரை பஸ், அங்கிருந்து பறக்கும் ரயில். சேப்பாக்கம் நிலையத்தில் இறங்கினால் எம்.ஏ. சிதம்பரம் மைதானம் பக்கத்திலேயே இருக்கிறது. அந்த மைதானத்தின் ஐ, ஜே, கே ஸ்டாண்டுகள் பல வருடம் காலியாகக் கிடந்தது தென்சென்னை ரசிகர்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். 2011 உலகக் கோப்பையை ஒட்டிக் கட்டப்பட்டவை அவை. சுமார் 12,000 பேர் உட்காரலாம். ஆனால் சி.எம்.டி.ஏ.வின் பணி நிறைவுச் சான்றிதழ் கிடைக்கவில்லை. ஸ்டாண்டுகளுக்கும் பக்கத்தில் இருந்த மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பின் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் நடுவே தீயணைப்பு வண்டி போகும் அளவுக்கு விதிப்படியான இடைவெளி இல்லை என்பது முக்கியச் சிக்கல். ஸ்டாண்டுகள் பூட்டப்பட்டன, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2019 ஐபிஎல் இறுதிப் போட்டி சென்னையில் நடந்திருக்க வேண்டியது, இந்தப் பூட்டால் ஹைதராபாத்துக்குப் போனது. கடைசியில் அந்தக் கூடம் இடிக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் நடந்த இங்கிலாந்து டெஸ்டில்தான் அந்த ஸ்டாண்டுகளில் மறுபடி கூட்டம் உட்கார்ந்தது.

அப்போது பலருக்கும் கோபம். ஒரு சுவருக்காக இவ்வளவு பெரிய மேட்சை விடுவதா என்றார்கள். பூட்டியது சரி என்றுதான் நான் நினைக்கிறேன். சான்றிதழ் கைக்கு வருவதற்கு முன்பே ஆளை உட்கார வைத்ததுதான் தவறு. அந்தத் தவறு சேப்பாக்கத்தோடு நிற்பதில்லை. நம் பக்கத்துக் காலி மனையில் சவுக்குக் கம்பும் பலகையும் கட்டி நடத்தும் நைட் கபடிக்கும் இதே கேள்விதான். ஆகவே முதலில் கமிட்டிக்காரர்களுக்கு.

போட்டி நடத்துகிறவர்கள் செய்ய வேண்டியவை

இடம் யார் எல்லை என்று முதலில் பாருங்கள். நம் பகுதியில் இது பெரிய குழப்பம். மடிப்பாக்கம் சென்னை மாநகராட்சி. கீழ்க்கட்டளை 2021-இல் உருவான தாம்பரம் மாநகராட்சி. பக்கத்தில் இருக்கும் கோவிலம்பாக்கம் செங்கல்பட்டு மாவட்டத்தில், புனித தோமையார்மலை ஒன்றியத்தில் ஓர் ஊராட்சி. தெரு ஒன்று தாண்டினால் அலுவலகம் மாறிவிடும். மனையின் சர்வே எண்ணை எடுத்துக்கொண்டு ஊராட்சி அலுவலகத்துக்கும் தாசில்தார் அலுவலகத்துக்கும் போய், உரிமம் யார் தர வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். போலீஸ் அனுமதி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாம் முடிந்தது என்று நினைக்கிற கமிட்டிகள்தான் அதிகம். கூட்டத்துக்குப் போலீஸ் அனுமதி, தீக்குத் தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, கேலரியின் உறுதிக்குப் பொறியாளர் சான்று என மூன்றும் வேறு வேறு. மக்கள் கூடும் இடங்களுக்கு உரிமம் கேட்கும் 1888-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தமிழ்நாட்டில் இன்றும் இருக்கிறது. இங்கிலாந்தில் இருப்பதுபோல் விளையாட்டு மைதானத்துக்கென்றே தனிப் பாதுகாப்புச் சான்றிதழ்ச் சட்டம் நம்மிடம் இல்லாததால், இந்தத் துண்டுகளை நாம்தான் ஒன்று சேர்க்க வேண்டும்.

எத்தனை பேர் என்பதை வாசலில் இருந்து கணக்குப் போடுங்கள். மைதானம் எவ்வளவு பெரிது, எத்தனை வரிசை பலகை போடலாம் என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். அது தலைகீழ்க் கணக்கு. 1971-இல் கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்துப் படிக்கட்டில் 66 பேர் நசுங்கி இறந்த பிறகு, பிரிட்டன் 1975-இல் மைதானப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. அதன் வழிகாட்டி நூல் சொல்லும் கணக்கு நமக்கும் உதவும். சமதளத்தில் 1 மீட்டர் அகல வழியில் நிமிடத்துக்கு 82 பேர் வெளியேறலாம், படிக்கட்டில் 66 பேர். சாதாரணமாக எல்லோரும் வெளியேற 8 நிமிடத்துக்கு மேல் ஆகக்கூடாது.

இதை உங்கள் மனைக்குப் போட்டுப் பாருங்கள். வெளியேற 2 மீட்டர் கேட் ஒன்றுதான் இருக்கிறது என்றால் 8 நிமிடத்தில் சுமார் 1,300 பேர். பந்தல் துணியும் மரமும் நிறைந்து, தீப்பிடித்தால் வேகமாகப் பரவும் இடம் என்றால் அந்த நூல் தரும் நேரம் இரண்டரை நிமிடம்தான். அப்போது அதே கேட்டுக்கு 410 பேர். மூவாயிரம் பேர் வருவார்கள் என்று தெரிந்தால் கேட்டைக் கூட்ட வேண்டும், முடியாவிட்டால் டிக்கெட்டைக் குறைக்க வேண்டும். வேறு வழி கிடையாது. நம் தேசியக் கட்டட விதித்தொகுப்பும் மக்கள் கூடும் கட்டடங்களின் வெளியேறும் கதவு 2 மீட்டருக்குக் குறையக்கூடாது என்றும், கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

அந்த பிரிட்டன் முறையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. கட்டடத்தின் நிலைமைக்கு ஒரு மதிப்பெண், நடத்துகிறவர்களின் திறமைக்கு ஒரு மதிப்பெண், இரண்டும் பூஜ்யத்தில் இருந்து ஒன்றுக்குள். அவற்றைப் பார்த்துத்தான் எத்தனை பேர் என்பது முடிவாகும். கட்டடம் புத்தம் புதிதாக இருக்கலாம். வழிகாட்ட வாலண்டியர் போதவில்லை என்றால் எண்ணிக்கை குறையும். நம் கமிட்டிகள் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டிய பழக்கம் இது.

கேலரிக்குப் பொறியாளர் கையெழுத்து வாங்குங்கள். பந்தல்காரரின் அனுபவம் பெரியதுதான், மறுக்கவில்லை. ஆனால் அது கணக்கு ஆகாது. நிரந்தர இருக்கை இல்லாமல் கூட்டம் நிற்கும் இடம் சதுர மீட்டருக்கு சுமார் 500 கிலோ தாங்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. ரெய்டர் தப்பி வந்ததும் எல்லோரும் ஒன்றாக எழுந்து குதிப்பார்கள். அந்த ஆட்டத்தில் கேலரி பக்கவாட்டில் சாயும், ஆகவே குறுக்குக் கட்டு அவசியம். 2021 மார்ச்சில் தெலங்கானாவின் சூர்யாபேட்டையில் தேசிய ஜூனியர் கபடிப் போட்டி தொடங்கும் நேரத்தில் கேலரி சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அடுத்த வருடம் அதே மார்ச்சில் மலப்புரம் மாவட்டத்தில் செவன்ஸ் கால்பந்து பார்க்க ஏறிய கூட்டத்தோடு தற்காலிக கேலரி விழுந்தது. கொள்ளளவைத் தாண்டிய கூட்டம், காயமடைந்தவர்கள் இருநூறு பேர் வரை. நம் ஊரில் ஜல்லிக்கட்டு கேலரிக்குப் பொதுப்பணித் துறையின் உறுதிச் சான்று கட்டாயம். காளைக்கு முன்னால் நிற்கும் கேலரிக்குக் கேட்பதைக் கபடிக்கும் கேட்பதில் என்ன கஷ்டம்?

மழை பெய்தால் மறுபடி பாருங்கள். ஏரி மண் ஊறினால் கம்பு இறங்கும்.

நடத்துகிறவர்கள் செய்யக்கூடாதவை

போன வருடச் சான்றிதழை நீட்டாதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் சிக்கியவர்களில் 97 பேர் இறந்தார்கள். அந்த மைதானத்துக்குச் சான்றிதழ் இருந்தது. 1979-இல் கொடுத்தது. அதன் பிறகு நிற்கும் பகுதியைக் கம்பி வேலி போட்டுத் தனித்தனி அடைப்புகளாகப் பிரித்தார்கள். சான்றிதழில் இருந்த எண்ணிக்கையை யாரும் திருத்தவில்லை. 10,100 பேர் நிற்கும் பகுதிக்கு ஏழு நுழைவாயில் எந்திரங்கள்தான். வெளியே கூட்டம் முட்டியது. பெரிய கேட்டைத் திறந்துவிட்டதும் எல்லோரும் ஏற்கெனவே நிறைந்திருந்த நடு அடைப்புகளுக்குள் போனார்கள். ஒரு தடுப்பை நகர்த்தினாலும், ஒரு ஸ்டாலைப் புதிதாகப் போட்டாலும் பழைய சான்றிதழ் செல்லாது என்று நினைத்துக்கொண்டு மறுபடி பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

ஆட்டம் நடக்கும்போது எந்த கேட்டையும் பூட்டாதீர்கள். டிக்கெட் இல்லாதவர் நுழைந்துவிடுவார் என்ற பயத்தில்தான் பூட்டுகிறோம். 1985-இல் பிராட்ஃபோர்டில் மர ஸ்டாண்ட் தீப்பிடித்து 56 பேர் இறந்தபோது, பின்பக்கம் ஓடியவர்களைப் பூட்டிய கதவுகள் தடுத்தன. முன்பக்கம் வேலி இல்லாததால் ஆடுகளத்துக்குள் குதித்தவர்கள் தப்பினார்கள். 2022 அக்டோபர் 1 அன்று இந்தோனேசியாவின் கஞ்சுருஹான் மைதானத்தில் கண்ணீர்ப்புகைக்குத் தப்பி ஓடியவர்கள் மூடிய, குறுகிய வாசல்களில் சிக்கினார்கள். இறந்தவர்கள் 135 பேர். ஒவ்வொரு கேட்டிலும் சாவியோடு ஓர் ஆளை நிறுத்துவது போதாது. கேட் பூட்டில்லாமல் இருக்க வேண்டும், ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும்.

“அனைவரும் வருக, அனுமதி இலவசம்” என்று எண்ணிக்கை சொல்லாமல் போஸ்டர் ஒட்டாதீர்கள். 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி மைதானத்தின் வாசல்களில் 11 பேர் இறந்தார்கள். உள்ளே சுமார் 35,000 பேருக்குத்தான் இடம். ஐபிஎல் வெற்றி விழாவுக்கு வந்ததோ லட்சக்கணக்கில். அதை விசாரித்த நீதிபதி ஜான் மைக்கேல் டி குன்ஹா ஆணையம், பெரிய நிகழ்ச்சிகளுக்கு அந்த மைதானமே பாதுகாப்பானது அல்ல என்றது. வாசல்கள் நேரே நடைபாதையில் திறப்பதையும் குறையாகச் சொன்னது. நம் மனைகளின் நிலையும் அதுதான். கேட்டைத் தாண்டினால் மேடவாக்கம் பிரதான சாலையோ ரேடியல் சாலையோ, அதில் ஓடும் வண்டியோ இருக்கும். கேட்டுக்கு வெளியே கூட்டம் நிற்க இடம் ஒதுக்க முடியாத மனையைப் போட்டிக்கு எடுக்காதீர்கள்.

மின்கம்பிக்குக் கீழே கேலரி வேண்டாம். நைலான் கயிறும் செயற்கைத் துணியும் வேண்டாம், தீப்பட்டால் உருகிக் கீழே இருப்பவர் மேல் விழும். ஜெனரேட்டரையும் டீசல் கேனையும் கேலரிக்கு அடியில் வைக்காதீர்கள்.

பார்க்கப் போகிறவர்களுக்கு

உட்காரும் முன் இரண்டு வழிகளைப் பார்த்து வையுங்கள். வந்த வழி ஒன்று, வராத வழி ஒன்று. ஆபத்தில் எல்லோரும் வந்த வழிக்கே ஓடுவார்கள்.

உங்கள் ஸ்டாண்டைப் பூட்டி வைத்திருந்தால் கம்பியை ஏறித் தாண்டாதீர்கள், பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். கேலரிக்கு அடியில் நிழலுக்காக உட்கார வேண்டாம், பிள்ளைகளை அங்கே விளையாட விடவும் வேண்டாம். பலகை நிறைந்த பிறகு “கொஞ்சம் நகருங்க அண்ணே” என்று இன்னும் இரண்டு பேரை ஏற்றாதீர்கள். அந்த இரண்டு பேரின் எடை யாருடைய கணக்கிலும் இல்லை.

கூட்டத்தில் கையைத் தூக்க முடியாமல் போனால் அதுவே எச்சரிக்கை. நின்று பார்க்கும் இடத்தில் 10 சதுர மீட்டருக்கு 47 பேர் என்பதுதான் பிரிட்டன் வழிகாட்டியின் உச்ச வரம்பு. அதைத் தாண்டிய நெரிசலில் இருந்து ஆரம்பத்திலேயே ஓரமாக, குறுக்காக நகர்ந்து வெளியே வாருங்கள். எதிர்த்துத் தள்ளாதீர்கள். கைகளை மார்புக்கு முன்னால் மடித்து வைத்துக்கொண்டால் மூச்சுக்குக் கொஞ்சம் இடம் கிடைக்கும்.

வெயில் ஆட்டத்துக்குக் குடிநீர் எங்கே என்று கேட்டுவிட்டுப் போங்கள். 2024 அக்டோபர் 6 அன்று மெரினா விமான சாகசத்தைப் பார்க்கப் போன ஐந்து பேர் இறந்ததை இந்த நகரம் மறந்திருக்காது.

பள்ளி ஆண்டு விழாவிலோ மைதானத்திலோ சந்தேகம் வந்தால் வாய்த் தகராறு வேண்டாம். அந்த நேரத்து ஆபத்துக்கு 112. பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு, கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள். அதில் மூன்று கேள்வி போதும்: இந்த இடத்துக்கு எத்தனை பேர் வரை அனுமதி, தீயணைப்புத் துறைச் சான்றின் தேதி என்ன, கேலரியின் உறுதியைச் சோதித்த பொறியாளர் எந்தத் துறை, எந்த நாளில் சோதித்தார். “கொள்ளளவு” என்ற சொல்லை மனுவில் மறக்காமல் எழுதுங்கள், கட்டட அனுமதி எண்ணை மட்டும் அனுப்பி முடித்துவிடுவதற்கு இடம் கொடுக்காதீர்கள்.