பழைய மின்சாரக் காருக்கு மானியம் உண்டா?

ஸ்ரீ விஜயபுரம் என இன்று பெயர் கொண்டுள்ள போர்ட் பிளேரின் டெய்ரி ஃபார்ம் பகுதியில் வசிக்கும் நம் வாடிக்கையாளர் ஒருவர், சென்னையில் விற்பனைக்கு வந்த நான்கு ஆண்டுப் பழைய மின்சாரக் கார் ஒன்றை வாங்கக் கடன் கேட்டு வந்தார். விலை 8 லட்சம் ரூபாய். தம் கையிருப்பு 50,000 ரூபாய் என்றும், அரசு மானியமாக ஒன்றரை லட்சம் வந்துவிடும் என்றும், மீதி 6 லட்சத்தை வங்கி தந்தால் போதும் என்றும் கணக்கிட்டிருந்தார். மானியத்தைப் பற்றிச் சொன்னவர் இடைத்தரகர்.

அந்த ஒன்றரை லட்சம் வாராது. ஏன் என்பதைச் சற்று விளக்குவோம்.

மத்திய அரசின் மானியம் வாங்குபவரின் கணக்கிற்கு வருவதன்று. உற்பத்தியாளர் புதிய வண்டியின் விலையிலேயே அதைக் கழித்துவிட்டு, பின்னர் கனரகத் தொழில்கள் அமைச்சகத்திடமிருந்து பெற்றுக்கொள்கிறார். எனவே ஒரு வண்டிக்கு ஒரு முறைதான். கைமாறும்போது மீண்டும் கிடையாது. மேலும், 2019 ஏப்ரல் 1 அன்று தொடங்கி 2024 மார்ச் 31 வரை நடந்த ஃபேம் இரண்டாம் கட்டத்தில், கார்களுள் வாடகை மற்றும் வணிகப் பயன்பாட்டுக்கானவையே மானியம் பெற்றன. 2024 அக்டோபர் 1 அன்று தொடங்கிய பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் கார்களுக்கு இடமே இல்லை. ஆக, சொந்தப் பயன்பாட்டுக்குப் புதிய கார் வாங்கியவருக்கே கிடைக்காதது, பழைய கார் வாங்குபவருக்கு எங்ஙனம் கிடைக்கும்?

ஒன்றரை லட்சம் என்னும் எண் எங்கிருந்து வந்தது? தில்லி அரசின் 2020ஆம் ஆண்டுக் கொள்கையில், முதல் 1,000 புதிய மின்சாரக் கார்களுக்கு அவ்வளவு வரை ஊக்கத்தொகை இருந்தது. வருமான வரிச் சட்டத்தின் 80இஇபி பிரிவிலும் அதே எண் உண்டு. ஆனால் அது மானியமன்று. கடன் வட்டியை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளும் உச்சவரம்பு. அதுவும் 2019 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31 வரை அனுமதிக்கப்பட்ட கடன்களுக்கே உரியது. இவ்விரண்டும் வாய்மொழியில் ஒன்றாகக் கலந்துவிட்டன என்றே நாம் கருதுகிறோம்.

அமெரிக்காவில் பழைய மின்சாரக் காருக்கென்றே 4,000 டாலர் வரை வரிச்சலுகை இருந்தது. அதுவும் 2025 செப்டம்பர் 30க்குப் பின் வாங்கியவர்களுக்கு இல்லை.

வரியிலும் ஒரு வேறுபாடு உண்டு. புதிய மின்சாரக் காருக்கு ஜி.எஸ்.டி. 5 விழுக்காடு. பழைய காரைப் பதிவுபெற்ற வணிகர் விற்றால், அவருடைய இலாபத்தின்மீது 18 விழுக்காடு. 7 லட்சத்திற்கு வாங்கியதை 7,60,000 ரூபாய்க்கு அவர் விற்றால், 60,000 ரூபாயின்மீது வரி 10,800 ரூபாய். தனிநபர் தம் சொந்தக் காரைத் தனிநபருக்கு விற்றால் இவ்வரி இல்லை.

தீவுவாசிகள் கருத வேண்டியவை இன்னும் சில உள. சென்னை வண்டிக்கு அங்குள்ள பதிவு அலுவலகத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். முந்தைய கடன் இருப்பின், அது தீர்ந்ததற்கான 35ஆம் எண் படிவமும் வேண்டும். இது இல்லாமையால் நின்றுபோன கோப்புகள் பல. புதிய பதிவெண் பெறும் கட்டணத்திலிருந்து பேட்டரி வண்டிகளுக்கு 2021 ஆகஸ்ட் 2ஆம் நாள் அறிவிக்கையால் விலக்கு உண்டு. பழைய வண்டிக்கு எஞ்சியுள்ள உண்மையான சலுகை இதுவே. ஆனால் தமிழ்நாட்டில் சாலை வரி விலக்குப் பெற்ற வண்டியானால், அங்கிருந்து திரும்பப் பெற வரி ஏதும் இராது. பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்தா, மஞ்சள் எழுத்தா என்றும் நோக்குக. மஞ்சளாயின் அது வாடகை வண்டியாக ஓடியது; பேட்டரி மிகுதியாக உழைத்திருக்கும்.

பேட்டரிக்கு 8 ஆண்டு உத்தரவாதம் தருவது இத்துறையில் பரவலான வழக்கம். அது இரண்டாம் உரிமையாளருக்கும் செல்லுமா என்பதை உற்பத்தியாளரிடம் எழுத்தில் பெறுதல் நன்று. கடன் மதிப்பீட்டில் நாம் முதலில் கேட்பதும் அதையே.

இவற்றைக் கேட்ட நம் வாடிக்கையாளர், கப்பல் கட்டணத்தையும் சேர்த்து மீண்டும் கணக்கிட்டார். பின்னர், விலையைக் குறைத்துப் பேசக் கிளையிலிருந்தவாறே சென்னைக்குத் தொலைபேசியில் அழைத்தார்.