பேர் தெரியாத பூச்சியோடு சண்டை

பண்ணைக்காட்டுக்குப் பக்கத்தில் கால் ஏக்கரில் தக்காளி போட்டிருந்தேன். போன வருஷம் இலையெல்லாம் தீய்ந்த காகிதம் மாதிரி ஆனது. இலைத்துளைப்பான் ஈ என்று நினைத்து மஞ்சள் ஒட்டும் அட்டை கட்டினேன். காயில் ஓட்டை தெரிந்ததும் பச்சைக் காய்ப்புழு என்று முடிவு செய்து, அதற்குரிய இனக்கவர்ச்சிப் பொறி வைத்தேன். பொறியில் ஒன்றும் விழவில்லை. காய்தான் விழுந்தது. தப்பு பொறியில் இல்லை, நான் வைத்த பேரில்.

வந்திருந்தது தென் அமெரிக்கத் தக்காளி ஊசிப்புழு. பெரு நாட்டு மலை ஊரான உவாங்காயோவில் பிடித்த அந்துப்பூச்சியைப் பார்த்து, 1917-ல் எட்வர்டு மெய்ரிக் இதற்கு முதன்முதலாக அறிவியல் பெயர் வைத்தார். இங்கிலாந்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். நம்ம பழனி மலையில் பிடித்த சில குட்டி அந்துப்பூச்சிகளுக்கும் பேர் வைத்தவர் அவர்தான்.

அவர் இதைத் 'தோரிமியா' என்ற பேரினத்தில் சேர்த்தார். பின்னால் வந்தவர்கள் பல தடவை இடம் மாற்றி, 1994-ல் 'டூட்டா அப்சொலூட்டா' ஆக்கினார்கள். உடல் அமைப்பையும் மரபணுவையும் ஒப்பிட்டு, 2021-ல் மறுபடியும் தோரிமியாவுக்கே கொண்டுவந்தார்கள். இறக்கையைப் பார்த்தால் இந்தக் கூட்டத்தில் எல்லாம் ஒரே சாம்பல் நிறம்தான். அதனால்தான் இத்தனை குழப்பம்.

இதில் நமக்கென்ன என்று கேட்பீங்க. உருளைக்கிழங்கைத் துளைக்கிற அந்துப்பூச்சியும் இதே தோரிமியாதான். அது 1906-ல் இத்தாலி விதைக்கிழங்கோடு இந்தியாவுக்குள் வந்தது. ஊசிப்புழுவும் உருளை இலையைத் தின்னும். கத்தரி, மணத்தக்காளியையும் விடாது. ஆகவே தக்காளி எடுத்த நிலத்தில் அடுத்து உருளை போட்டால் அதற்கு விருந்துதான். முள்ளங்கி போடுங்க.

ஊசிப்புழு 2006-ல் ஸ்பெயினுக்குப் போனது. 2014-ல் மகாராஷ்டிரத்தில் தென்பட்டு, பிறகு தமிழ்நாட்டுக்கும் வந்தது.

அடையாளம் பார்ப்பது எப்படி?

ஈயின் புழு இலையில் பாம்பு போன மாதிரி மெல்லிய கோடு போடும். ஊசிப்புழு அகலமான திட்டாகச் சுரண்டும். வெளிச்சத்தில் பிடித்தால் திட்டு கண்ணாடி மாதிரி தெரியும். உள்ளே கறுப்பு எச்சம் இருக்கும். பச்சைக் காய்ப்புழு பெரிய ஓட்டை போட்டு, பாதி உடம்பை வெளியே நீட்டித் தின்னும். ஊசிப்புழுவின் ஓட்டை குண்டூசித் துளை அளவுதான். பெரும்பாலும் காம்புப் பக்கம் இருக்கும். புழுவின் தலைக்குப் பின்னால் மெல்லிய கறுப்புப் பட்டை இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்க.

இதன் வாழ்க்கைச் சுற்று 27 டிகிரி வெப்பத்தில் சுமார் 24 நாள். 14 டிகிரியில் 76 நாள். ஒட்டன்சத்திரம் பக்கம் மூன்று தலைமுறை முடிகிற காலத்தில், மேல்மலைக் குளிரில் ஒன்றுதான் முடியும். கீழே இருந்து நாற்று, பழைய தக்காளிப் பெட்டி வாங்கி வருகிறவர்கள் உதறிப் பார்த்து ஏற்றுங்க.

இந்த வருஷம் நான் செய்தது இதுதான்:

• ஊசிப்புழுவுக்கென்றே உள்ள கவர்ச்சி மாத்திரையைச் சோப்புத் தண்ணீர்ப் பாத்திரத்துக்கு மேலே, தரையோடு தாழ்வாகக் கட்டினேன். இதில் ஆண் பூச்சிதான் விழும். இது முதலில் எச்சரிக்கை மணி, அப்புறம்தான் மருந்து.

• திட்டு விழுந்த இலையையும் துளைபட்ட காயையும் பறித்து, பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் போட்டேன். வரப்பில் வீசினால் புழு திரும்பி வந்துவிடும்.

• டிரைக்கோகிரம்மா முட்டை ஒட்டுண்ணி அட்டை கட்டினேன். வேப்பங்கொட்டைக் கரைசலைச் சாயங்காலம் தெளித்தேன்.

• அறுவடை முடிந்ததும் செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்தினேன். கூட்டுப்புழு மண்ணிலும் இருக்கும் என்பதால் மண்ணைக் கிளறிக் காயவிட்டேன்.

பூச்சி ஒழிந்துவிட்டதா? இல்லை. ஆனால் இந்தத் தடவை பெட்டி நிரம்பியது. அடுத்த முறை இலை தீய்ந்தால் மருந்துக் கடைக்கு ஓடாதீங்க. ஒரு இலையைக் கிள்ளி வெயிலில் பிடிச்சுப் பாருங்க. யார் வந்திருக்கிறார் என்று தெரிந்த பிறகு என்ன செய்வதென்று முடிவெடுக்கலாம்.