அப்பா 27 வயசுல மனை வாங்கிட்டார், நாம ஏன் வாங்கல? இரண்டு தலைமுறைகளின் கணக்கு

வேலைக்குப் போய் நாலைந்து வருஷம் ஆன பலருடைய வீட்டில் தவறாமல் வரும் பேச்சு இது. "உன் வயசுல நான் மூவாயிரம் சம்பளத்துல குடும்பத்தையும் பார்த்து, மனையும் வாங்கிப் போட்டேன். நீ அம்பதாயிரம் வாங்குற, மாசக் கடைசியில ஒண்ணுமில்லங்குற!" இதற்கு நம்ம ஆட்கள் சொல்லும் பதில், "அப்ப விலைவாசி வேறப்பா." இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைச் சரியாகப் பிரித்துப் பார்க்காவிட்டால் தப்பான வீட்டுக்கடன், தப்பான பாலிசி என்று வந்து மாட்டிக்கொள்வோம். அதனால் இன்றைக்கு கோபமில்லாமல் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதலில் வட்டி. அப்பா தலைமுறைக்குக் கிடைத்த வட்டியை இன்றைக்குக் கேட்டால் வாயைப் பிளப்போம். பிபிஎஃப்-க்கு 1986 முதல் 2000 ஜனவரி வரை 12 சதவீதம். இபிஎஃப்-க்கும் 90-கள் முழுக்க 12 சதவீதம். 1988-ல் வந்த கிசான் விகாஸ் பத்திரத்தில் போட்ட பணம் ஐந்தரை வருஷத்தில் இரட்டிப்பானது. அதே பத்திரம் 2023 ஏப்ரலில் அறிவித்த வட்டிப்படி இரட்டிப்பாக 115 மாதம், அதாவது ஒன்பதரை வருஷத்துக்கும் மேல். பிபிஎஃப் 2020 ஏப்ரலில் 7.1 சதவீதத்துக்கு இறங்கியது.

30 வருஷக் கணக்கில் இந்த வித்தியாசம் எவ்வளவு பெரிசு தெரியுமா? ஒரு லட்சத்தை 12 சதவீதத்தில் விட்டு வைத்தால் கிட்டத்தட்ட 30 லட்சம். 7.1 சதவீதத்தில் விட்டால் 7.8 லட்சம். "பேசாம எஃப்டி-ல போட்டுட்டு தூங்குடா" என்று அப்பா சொல்வது அவர் அனுபவத்தில் கண்ட உண்மைதான். ஆனால் அவர் போட்ட டெபாசிட் வேறு, இன்றைக்கு நாம் போடும் டெபாசிட் வேறு.

சரி, அப்போ அவங்க காலம்தான் பொற்காலமா? அப்படியும் இல்லை. அந்த 12 சதவீதத்துக்குப் பக்கத்திலேயே விலைவாசி ஏற்றமும் உட்கார்ந்திருந்தது. 1991-லும் 1998-லும் அது 13 சதவீதத்தைத் தாண்டியது. அந்தப் பத்து வருஷத்தில் 9, 10 சதவீதம் என்பது சாதாரணமாக வந்துபோன எண். விலைவாசியைக் கழித்துவிட்டுப் பார்த்தால் அப்பாவுக்குக் கையில் நின்றது இரண்டு, மூன்று சதவீதம்தான், சில வருஷங்களில் அதுவும் இல்லை. இன்றைக்கு 7.1-ல் விலைவாசி 5 போனால் மிச்சம் 2. ஆக, வட்டி மட்டும் அவரைப் பணக்காரர் ஆக்கவில்லை.

அப்படியென்றால் எது ஆக்கியது? என்னுடைய கணிப்பு, செலவு செய்யும் வழி அடைபட்டிருந்தது. பணம் எடுக்க வேண்டுமா? வங்கிக்கு நேரில் போய், ஸ்லிப் எழுதி, பித்தளை டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். அதுவும் மதியத்துக்குள். வீட்டுக்கு டெலிபோன் வேண்டுமென்றால் எழுதிக் கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஸ்கூட்டருக்கும் அதே கதை. சம்பளம் வாங்கும் சாதாரண ஆளுக்குக் கடன் தரும் இடங்கள் கூட்டுறவு சங்கம், பிஎஃப் அட்வான்ஸ், அடகுக்கடை, மாமனார், இவ்வளவுதான். செலவுக்கு நடுவே எப்போதும் ஒரு வரிசை, ஒரு படிவம், ஒரு காத்திருப்பு. அந்தக் காத்திருப்புதான் அவங்களுடைய நிதி ஆலோசகர்! நமக்கு 2016-ல் யுபிஐ வந்துவிட்டது. ஸ்கேன் பண்ணினால் இரண்டு செகண்டில் போய்விடும். கையில் பணமில்லையென்றாலும் "பிறகு கட்டலாம்" பட்டன் அதே திரையில் இருக்கிறது. அப்பாவுக்கு இருந்த மன உறுதி நமக்கு இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். அவருடைய மன உறுதியை இந்த அளவுக்கு யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

இன்னொரு விஷயமும் சொல்லணும். அந்தக் காலத்தில் எல்லாமே பாதுகாப்பா இருந்துச்சு என்பது கதை. 90-களின் நடுவில் தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு ஃபைனான்ஸ் கம்பெனிகள் முளைத்தன. 24, 36 சதவீதம் வட்டி, தேக்கு மரத் திட்டம் என்று ஆசை காட்டி வாங்கிய பணம் மூழ்கிப்போய், முதலீட்டாளர் நலன் காக்க 1997-ல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. அரசாங்கமே பின்னால் இருக்கிறது என்று நம்பி வாங்கிய யுஎஸ்-64 யூனிட்களை 2001 ஜூலையில் விற்கவே முடியாமல் நிறுத்தி வைத்தார்கள். மனையில் போட்டதும் எல்லோருக்கும் பலிக்கவில்லை. அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யக்கூடாது என்று 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டபோது, விற்கவும் முடியாமல் கட்டவும் முடியாமல் நின்றவர்கள் ஏராளம். டைடல் பார்க் 2000-ல் திறப்பதற்கு முன்னால் அந்தச் சாலையில் இடம் வாங்கிப் போட்ட சித்தப்பாவின் கதையைத்தான் கல்யாண வீட்டில் திரும்பத் திரும்பக் கேட்கிறோம். பக்கத்து ஊரில் வாங்கி, இன்னும் முள்ளுச்செடி மண்டிக் கிடக்கும் மனைக்காரர் வாயே திறப்பதில்லை.

வீடு: இங்கேதான் கவனம்

அப்பா தலைமுறை வீட்டை "வாங்கல", கட்டினார்கள். முதலில் தவணையில் மனை. நாலைந்து வருஷம் கழித்துக் கடைக்கால். பிறகு ஒரு ஹால், ஒரு சமையலறை, மேலே ஷீட். அம்மாவின் நகை அடகுக்குப் போகும், திரும்பி வரும், மறுபடி போகும். பூச்சு வேலையே ஆகாத வீட்டில் பத்து வருஷம் இருந்த குடும்பங்கள் நிறைய. 90-களில் வீட்டுக்கடன் வட்டி 15 சதவீதத்தை ஒட்டி இருந்ததால், முடிந்தவரை கடன் வாங்காமல் கட்டத்தான் பார்த்தார்கள். கையில் பணம் வந்தால் சுவர் எழும்பும், வராவிட்டால் நிற்கும்.

இன்றைக்கு நமக்குக் காட்டப்படுவது முழுசா முடிந்த ஃபிளாட். ஒரு உதாரணம் எடுப்போம். சென்னையில் வேலை பார்க்கும் 27 வயது ஒருவர், கைக்கு வரும் சம்பளம் 52,000. ரூம் வாடகையில் பங்கு 9,000. சாப்பாடு, பஸ், பெட்ரோல் 12,000. வீட்டுக்கு அனுப்புவது 10,000. போன், துணி, மற்றது எல்லாம் சேர்த்து 5,000. இதோடு கல்விக்கடன். 4 லட்சம், 10.5 சதவீதம், ஏழு வருஷம் என்றால் மாதம் 6,750 அளவுக்கு வரும். மொத்தம் 42,750. மிச்சம் 9,250. இந்தப் பட்டியலில் காஃபி ஷாப்பும் பிரியாணியும் எங்கே பெரிசா இருக்கு, சொல்லுங்க? 22 வயதிலேயே கடனோடு வேலைக்குச் சேர்வது என்பது அப்பாவுக்குத் தெரியாத விஷயம். இன்று பலர் வாங்கும் மாதிரியிலான கல்விக்கடன் திட்டம் வந்ததே 2001-ல்தான்.

இப்போது வீட்டில் 50 லட்சம் ஃபிளாட் பேச்சு வருகிறது. 10 லட்சம் முன்பணம், 40 லட்சம் கடன். 8.5 சதவீதத்தில் 25 வருஷத்துக்கு இஎம்ஐ சுமார் 32,200. கல்விக்கடனையும் சேர்த்தால் 38,950, அதாவது சம்பளத்தில் முக்கால் பங்கு. வங்கியே யோசிக்கும். அப்போதுதான் அந்த வாக்கியம் வரும்: "கவலப்படாதப்பா, முன்பணத்துக்கு என் பிஎஃப் பணம் இருக்கு. லோன்ல என் பேரையும் சேர்த்துக்கலாம்."

பாசத்தில் சொல்வதுதான். ஆனால் கணக்கு என்ன சொல்கிறது? அப்பா ஓய்வு பெறும்போது கையில் 25 லட்சம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 8.2 சதவீதத்தில் போட்டால் வருஷத்துக்கு 2,05,000, மாதக் கணக்கில் 17,000 ரூபாய் சொச்சம். முன்பணத்துக்கு 10 லட்சத்தை எடுத்துவிட்டால் மீதி 15 லட்சத்துக்கு மாதம் 10,250. அந்த 6,800 ரூபாய் குறைச்சலை யார் ஈடு கட்டுவது? நாம்தான். எதிலிருந்து? 32,200 கட்டிவிட்டு மிச்சமே இல்லாத அதே சம்பளத்திலிருந்து!

தனியார் வேலை பார்த்த அப்பாவுக்கு இதைத் தவிரப் பெரிய வருமானம் கிடையாது என்பதையும் மறக்க வேண்டாம். இபிஎஸ் ஓய்வூதியத்துக்குக் கணக்கில் எடுக்கும் சம்பள உச்சவரம்பு 2014-ல் 15,000 ஆனது. அதை வைத்து 35 வருஷம் வேலை பார்த்தவருக்குப் போட்டாலும் 7,500 ரூபாய்தான் வரும். தமிழ்நாடு அரசு வேலையில் 2003 ஏப்ரலுக்கு முன்னால் சேர்ந்தவர் என்றால் கதை வேறு. அவருக்குப் பழைய ஓய்வூதியம் உண்டு, அந்த வீட்டுப் பிள்ளைகளுடைய கணக்கும் அதனால் வேறு. ஒரே தெருவில் வளர்ந்த இரண்டு நண்பர்கள் தங்களை ஒப்பிட்டுக்கொள்ளும்போது சம்பளத்தைப் பார்க்கிறார்கள், இதைப் பார்ப்பதில்லை.

நாலு பேர் தூக்கிய பாரம்

தாத்தா, பாட்டியை யார் பார்த்துக்கொண்டார்கள்? பெரியப்பா வீட்டில் ஆறு மாசம், அத்தை வீட்டில் தீபாவளிவரை, பிறகு நம்ம வீடு. மருந்துச் செலவு மூன்று நான்கு பேருக்குள் பிரிந்தது. சண்டை வந்திருக்கும், அது வேறு விஷயம்! இன்றைக்கு நாம் ஒற்றைப் பிள்ளை, அதிகம் போனால் இரண்டு பேர். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள் எண்ணிக்கை 2020 கணக்கெடுப்பில் 1.4 வரை இறங்கிவிட்டது. பெற்றோர் அதிக வருஷம் வாழ்கிறார்கள், அது சந்தோஷம்தான். ஆனால் அதிக வருஷம் என்றால் அதிக மாத்திரை, அதிக ஸ்கேன். தலைமுறை ஒப்பீட்டில் யாரும் பேசாத பெரிய வித்தியாசம் இதுதான் என்று நினைக்கிறேன்.

அதனால் அப்பாவிடமிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம், எதை விடலாம்? பாலிசியை முதலீடாக நினைக்கும் பழக்கத்தை விட்டுவிடலாம். அன்றைக்கு வேறு வழி தெரியாமல், தெரிந்த ஏஜென்ட் மாமாவிடம் எண்டோமென்ட் போட்டார்கள். இன்றைக்கு 27 வயதில் புகைப்பழக்கம் இல்லாதவருக்கு ஒரு கோடி டெர்ம் பாலிசி மாதம் ஆயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கிறது. சேமிப்பைத் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம். தங்கத்தில் அவங்க சொன்னது தப்பாகவில்லை. 2000-ல் நாலாயிரத்துக்கும் கீழே இருந்த பவுன் 2025 ஏப்ரலில் எழுபதாயிரத்தைத் தாண்டியது. ஆனால் செய்கூலி, சேதாரம் கொடுத்து நகையாக வாங்கி அதை முதலீடு என்று கணக்கு எழுதாதீர்கள்.

கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டியது, கைக்கு வருவதற்கு முன்னாலேயே பணத்தைப் பிடித்துவிடும் பழக்கம். அவருக்கு அதை ஆபீஸ் செய்தது. நாம் சம்பளம் வரும் மறுநாளே ஆர்டி-யும் எஸ்ஐபி-யும் போகும்படி வைக்கலாம். 9,250 மிஞ்சுபவர் 5,000 வைத்தால் போதும், ஆரம்பத்துக்கு அது நல்ல தொகை. அடுத்தது, வேலை மாறும்போது பிஎஃப்-ஐ எடுக்காமல் புதிய கம்பெனிக்கு மாற்றுவது. அப்பா ஒரே கம்பெனியில் முப்பது வருஷம் இருந்ததால் அந்தப் பணம் தானாக வளர்ந்தது. நாம் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை மாறுகிறோம், ஒவ்வொரு முறையும் எடுத்து பைக்கும் போனும் வாங்குகிறோம். 27 வயதில் எடுக்காமல் விட்ட 2 லட்சம், இப்போதைய 8.25 சதவீதம் அப்படியே இருப்பதாக வைத்துக்கொண்டால், 58 வயதில் 23 லட்சத்தைத் தாண்டும். ஐந்து வருஷம் முடிவதற்குள் எடுத்தால் வரியும் உண்டு.

வீட்டில் இந்தப் பேச்சு அடுத்த முறை வரும்போது, வாதம் பண்ணாமல் அப்பாவிடம் கேளுங்க: "அப்பா, ரிட்டயர் ஆன பிறகு மாசம் எவ்வளவு வரும்? உங்களுக்கும் அம்மாவுக்கும் மெடிக்கல் இன்ஷூரன்ஸ் எவ்வளவுக்கு இருக்கு?" பல வீடுகளில் இரண்டாவது கேள்விக்குப் பதில், "உன் கம்பெனியில எங்க பேர் சேர்த்திருக்கியே." அது நாம் வேலையை விட்ட அன்றைக்கே நின்றுவிடும். அவர்களுக்குத் தனியாக ஒரு பாலிசி எடுங்கள், சர்க்கரை, பிரஷர் எதையும் மறைக்காமல் எழுதி எடுங்கள். ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு அதிகபட்சம் மூன்று வருஷம் காத்திருப்புக் காலம் உண்டு. அப்பாவுக்கு இப்போது 57 என்றால் இந்த வருஷம் எடுத்தால் 60 வயதில் முழுசாகக் கைகொடுக்கும்.