பனியில் நிற்கும் குதிரைக்குக் குளிருமா?

நார்வேயில் ஆராய்ச்சியாளர்கள் சிலர் 23 குதிரைகளுக்கு மூன்று பலகைகளைக் காட்டிப் பழக்கினார்கள். கிடைக்கோடு போட்ட பலகையை மூக்கால் தொட்டால் முதுகில் போர்வை போடுவார்கள். செங்குத்துக் கோட்டைத் தொட்டால் போர்வையை எடுத்துவிடுவார்கள். வெறும் பலகையைத் தொட்டால் இருப்பது இருந்தபடி இருக்கும். இரண்டே வாரத்தில் அத்தனை குதிரைகளும் கற்றுக்கொண்டன. 2016-இல் வெளியான அந்த ஆய்வின்படி, இதமான வெயில் நாளில் அவை போர்வையை எடுக்கச் சொல்லின. மழையும் காற்றும் சேர்ந்து அடித்த நாளில் போடச் சொல்லின.

குளிர் நாடுகளில் குதிரை வளர்ப்போரிடம் புழங்கும் நம்பிக்கைகளைக் குதிரையிடமே கேட்டுச் சரிபார்த்தால் பாதிக்கு மேல் தேறாது. காரணம் எளிது. மனிதன் தன் தோலை வைத்துக் குதிரையின் குளிரை அளக்கிறான்.

நம்பிக்கை: பனி பெய்யத் தொடங்கினால் குதிரையை வெளியே விடக் கூடாது. லாயத்தில் கட்டிக் கதவைச் சாத்துவதே பாதுகாப்பு.

இதுதான் மற்ற தவறுகளுக்கெல்லாம் தாய். குளிர்கால முடி நன்றாக வளர்ந்து, உடம்பில் சதையும் இருக்கும் குதிரை, காற்றும் ஈரமும் இல்லாதபோது மைனஸ் 15 டிகிரி செல்சியஸ் வரை கூடுதல் சக்தியைச் செலவழிக்காமலே உடல் வெப்பத்தைக் காத்துக்கொள்ளும். முடி வளராத குதிரைக்கு அந்த எல்லை ஏறத்தாழ 5 டிகிரி. இரண்டுக்கும் நடுவே இருப்பது முடிதான்.

அந்த முடியும் குளிரைக் கண்டு முளைப்பதல்ல. ஜூன் கடைசியில் பகல் குறையத் தொடங்கியதுமே உடம்பு அதைக் கணக்கெடுத்துக்கொள்கிறது. நமக்கு வியர்த்துக்கொண்டிருக்கும் ஆகஸ்டிலேயே குதிரையின் தோலுக்கடியில் மார்கழிக்கான ஏற்பாடு நடக்கிறது. குளிர் கூடும்போது ஒவ்வொரு முடியும் சிலிர்த்து நிற்க, இடையில் காற்று சிக்கிக்கொள்கிறது. முதுகில் விழுந்த பனி உருகாமல் அப்படியே கிடந்தால் பார்ப்பவருக்குப் பரிதாபம் பொங்கும். உண்மையில் அது நல்ல அறிகுறி, உடம்பின் சூடு வெளியே கசியவில்லை என்று பொருள்.

சைபீரியாவின் யாகூத்தியாவில் குதிரைகள் மைனஸ் 50 டிகிரியிலும் திறந்தவெளியில் பனியைக் குளம்பால் கிளறிப் புல் தின்கின்றன. அவற்றின் முன்னோர் அங்கே போய்ச் சேர்ந்து 800 ஆண்டுகள் அளவில்தான் ஆகிறது என்றும், அதற்குள் குளிருக்கேற்ப மாறிவிட்டன என்றும் 2015-இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. குட்டைக் கால், அடர்ந்த முடி, கொழுப்புச் சேமிப்பு எல்லாம் அவற்றுக்கு உண்டு. அதைச் சொல்லி, மெல்லிய தோல் கொண்ட பந்தயக் குதிரையைப் பனியில் நிறுத்திவிட முடியாது.

கதவும் சன்னலும் சாத்திய லாயத்தில் நடப்பது வேறு. சிறுநீரிலிருந்து கிளம்பும் அம்மோனியா, உலர்புல்லின் தூசி, பூஞ்சை வித்துகள் எல்லாம் உள்ளேயே சுழல்கின்றன. குதிரைகளுக்கு வரும் ஆஸ்துமாவுக்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது. நாள் முழுக்க ஓரிடத்தில் நிற்பதால் கால்களில் நீர் கோத்து வீங்குவதும் உண்டு. சாத்துகிறவரைக் கேட்டால், உள்ளே நுழைந்ததும் தனக்கே நடுங்குகிறது என்பார். அவருக்கு ஒரு நல்ல கோட்டு வாங்கிக் கொடுப்பது மேல்.

குளிரைவிடப் பொல்லாதது நனைவதுதான். முடி நனைந்து படிந்துவிட்டால் அதற்குள் காற்று நிற்காது. மைனஸ் 10 டிகிரியில் உலர்ந்த பனியில் நிற்கும் குதிரையைவிட, 3 டிகிரி மழையில் காற்றோடு நிற்கும் குதிரைதான் அதிகம் துன்பப்படும். ஆகவே மேய்ச்சல் நிலத்தில் தேவை பூட்டிய அறையல்ல. காற்று வரும் திசைக்கு முதுகைக் காட்டி நிற்கும் மூன்று சுவர்க் கொட்டகை. அது எல்லாக் குதிரைகளுக்கும் இடம் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கூட்டத்தில் அதிகாரம் செய்யும் குதிரை வாசலை மறித்து நிற்கும். பயந்த குதிரை கொட்டகை இருந்தும் மழையில் நனையும். எத்தனை பேருக்கு இடம் என்று சதுர அடிக் கணக்குப் போட்டால் போதாது, எது எதை விரட்டுகிறது என்றும் பார்க்க வேண்டும்.

நம்பிக்கை: போர்வை போட்டால் நல்லதுதானே, கெடுதல் என்ன?

சிலிர்த்து நிற்க வேண்டிய முடியை மெல்லிய போர்வை அமுக்கிவிடும். கனத்த போர்வை பகல் வெயிலில் வியர்க்க வைக்கும். இரவில் அந்த ஈரமே குளிரும். முடி கத்தரித்த குதிரை, கிழட்டுக் குதிரை, மெலிந்தது, நோயுற்றது, வெப்பமான ஊரிலிருந்து புதிதாக வந்தது ஆகியவற்றுக்குப் போர்வை கட்டாயம் வேண்டும். மற்றவை தம் முடியோடு இருந்துகொள்ளும்.

போர்வையின் பெரிய ஆபத்து, அது மறைப்பதுதான். வாரக்கணக்கில் கழற்றாத போர்வையின் அடியில் தோள்புண்ணும் இருக்கலாம், துருத்திய விலாவும் இருக்கலாம். போர்வையே இல்லாவிட்டாலும் அடர்ந்த முடி மெலிவை மறைத்துவிடும். அமெரிக்காவில் டான் ஹென்னெகி 1983-இல் வகுத்த 1 முதல் 9 வரையான உடல்நிலை மதிப்பீட்டில் கண்ணோடு கைக்கும் வேலை உண்டு. முடிக்குள் விரலை விட்டு விலாவைத் தடவ வேண்டும். எலும்பு லேசாகத் தட்டுப்பட்டால் சரி. ஒவ்வொன்றாக எண்ண முடிந்தால் தீவனம் போதவில்லை.

நம்பிக்கை: குளிருக்குத் தானியம் கொடு, உடம்பு சூடாகும்.

எள்ளும் கொள்ளும் சூடு என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது உடனே பிடித்துவிடும். குளிர் நாடுகளில் ஓட்ஸும் மக்காச்சோளமும் அந்த இடத்தைப் பிடித்திருக்கின்றன. ஆனால் குதிரையின் அடுப்பு எரிவது பின்குடலில். அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் நாரை நொதிக்க வைக்கும்போது வெப்பம் பிறக்கிறது. மாவுச்சத்துள்ள தானியத்தின் பெரும்பகுதி சிறுகுடலிலேயே செரித்துவிடுவதால் அவ்வளவு வெப்பம் தராது. 500 கிலோ குதிரைக்கு நாளுக்கு 8 முதல் 10 கிலோ உலர்புல் என்பது பொதுக் கணக்கு. கடுங்குளிர் வரப்போகிறதென்றால் இரண்டு கிலோவைக் கூட்டி, இரவில் தின்னும்படி வைக்கலாம். திடீரென்று தானியத்தைக் கூட்டினால் வயிற்றுவலியும் குளம்பு அழற்சியும்தான் மிச்சம்.

வாரம் ஒருநாள் சுடச்சுடத் தவிட்டுக் கஞ்சி வைப்பதும் பழைய பாசம். அதன் சூடு சிறிது நேரத்தில் போய்விடும். பழக்கமில்லாத தீவனத்தைக் கண்டு குடல் நுண்ணுயிர்கள் தடுமாறுவது மட்டும் மிஞ்சும்.

நம்பிக்கை: பனி இருக்கிறதே, தண்ணீர் எதற்கு?

நான் கேட்டதிலேயே ஆபத்தான நம்பிக்கை இது. பச்சைப்புல்லில் முக்கால் பங்குக்கும் மேல் நீர். உலர்புல்லில் அது பத்தில் ஒன்றைச் சற்றே தாண்டும். குளிர்காலத்தில் குதிரை முழுக்க உலர்புல்லைத் தின்பதால் அதற்கு 25 முதல் 40 லிட்டர் வரை தண்ணீர் வேண்டும். பத்து வாளி பனி உருகினால் கிடைப்பது சுமார் ஒரு வாளி நீர். தண்ணீர் குறைந்தால் தின்ற புல் குடலில் இறுகி அடைத்துக்கொள்ளும்.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மட்டக்குதிரைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். குளிர் நாளில் வெதுவெதுப்பான நீரை மட்டும் வைத்தபோது அவை கூடுதலாகக் குடித்தன. பனிக்குளிர் நீரையும் பக்கத்தில் வைத்தபோதோ குளிர்ந்ததைத்தான் தேடிப் போய்க் குறைவாகக் குடித்தன! ஆகவே நீரை வெதுவெதுப்பாக்கினால் மட்டும் போதாது. பக்கத்தில் உறைந்த தொட்டி இருக்கக் கூடாது. மின்சூடேற்றி போட்ட தொட்டியைக் குதிரை முகர்ந்துவிட்டு விலகினால் மின்கசிவைச் சந்தேகிக்க வேண்டும்.

இன்னும் சில, சுருக்கமாக. லாடம் இருந்தால் பனியில் பிடிமானம் கூடும் என்பது பாதி உண்மை. சாதாரண லாடத்துக்குள் பனி உருண்டை கட்டி, குதிரை கட்டைமேல் நடப்பதுபோல் தள்ளாடும். பலர் குளிர்காலத்தில் லாடத்தைக் கழற்றிவிடுகிறார்கள். வேண்டியவர்கள் பனி ஒட்டாத திண்டு வைத்து அடிக்கிறார்கள். சேறான கால்களைத் தினமும் பீய்ச்சிக் கழுவுவதும் வீண். ஈரமாகவே விட்டால் தோல் ஊறிக் கிருமி நுழையும். சேறு காய்ந்த பின் பிரஷால் தட்டிவிட்டால் போதும். குளம்பு அழற்சி வசந்தகால நோய் என்பதையும் நம்ப வேண்டாம். இரவில் உறைபனி, பகலில் நல்ல வெயில் என்றால் புல் வளர முடியாமல் சர்க்கரையைத் தன்னுள் சேர்த்து வைக்கும். கொழுத்த மட்டக்குதிரைக்கு அந்தப் புல் ஆகாது.

கனடாவிலும் வட அமெரிக்காவின் பிற பகுதிகளிலும், சாலையில் போகிறவர்கள் பனியில் நிற்கும் குதிரையைப் பார்த்துப் பதறி விலங்கு நலத் துறைக்குப் போன் செய்வது ஒவ்வொரு குளிர்காலத்திலும் நடப்பது. டொராண்டோவிலிருந்து வடக்கே காரில் போகும் தமிழர்களுக்கும் இந்தக் காட்சி புதிதல்ல. முதுகில் பனி கிடக்கிறதே என்று போன் செய்யாதீர்கள். புல் இல்லை, தொட்டி உறைந்திருக்கிறது, ஒதுங்க இடமில்லை, குதிரை நனைந்து, இடைவிடாமல் நடுங்குகிறது என்றால் தயங்காமல் செய்யுங்கள்.