ஒலிக்கோப்பை எந்த வடிவத்துக்கு மாற்றுவது?

பழைய கேசட்டிலிருந்து கணினியில் ஏற்றிய ஒரு மணி நேரக் கச்சேரி, வேவ் கோப்பாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 44,100 மாதிரிகள், 16 பிட், ஸ்டீரியோ என்ற சிடி தரத்தில் அது சுமார் 635 எம்பி வரும். இதை எந்த வடிவத்துக்கு மாற்றலாம் என்பது, மாற்றிய பிறகு அதை என்ன செய்யப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கருவியைத் தேடி அலைய வேண்டாம். 2000-இல் ஃபப்ரீஸ் பெல்லார் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

கட்டளை எளிது. முதலில் கருவியின் பெயர், அடுத்து ‘ஹைஃபன் ஐ’, பிறகு மூலக் கோப்பு, கடைசியில் புதுக் கோப்பின் பெயர். அந்தப் பெயரின் முடிவில் உள்ள நீட்டிப்பைப் பார்த்தே கருவி வடிவத்தை முடிவுசெய்யும். புதுப் பெயர் தராமல் மூலக் கோப்பை மட்டும் கொடுத்தால், ‘ஸ்ட்ரீம்’ என்ற வரியில் கோப்பின் வடிவம், மாதிரி வீதம், பிட்ரேட் எல்லாம் தெரியும். மாற்றுவதற்கு முன் இந்த வரியைப் படிப்பது அவசியம்.

பாதுகாக்க: ஃபிளாக்
அளவு குறையும், ஒலியில் ஒரு துளியும் குறையாது. இசையைப் பொறுத்து வேவ் கோப்பின் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை இடம் பிடிக்கும். திரும்ப வேவ் ஆக்கினால் அதே ஒலித் தரவு கிடைக்கும். சுருக்க நிலையைக் கூட்டினால் வேலை முடிய நேரம் கூடுமே தவிர, தரம் மாறாது.

எல்லாக் கருவியிலும் ஓட: எம்பி3
கார் ஸ்டீரியோ, பென்டிரைவ் போடும் ஸ்பீக்கர் என்று எதிலும் பாடும். பிட்ரேட்டைச் சொல்லாமல் விட்டால் எஃப்எஃப்எம்பெக் விநாடிக்கு 128 கிலோபிட்டில் எழுதிவிடும்; இசைக்கு அது போதாது. ‘ஹைஃபன் பி:ஏ 192கே’ என்று கொடுங்கள். அந்த ஒரு மணி நேரக் கச்சேரி சுமார் 86 எம்பிக்குள் அடங்கும். எம்பி3-இன் உச்சவரம்பு 320.

வீடியோவிலிருந்து எடுக்க: ஏஏசி
எம்பி4 வீடியோவில் ஒலி பெரும்பாலும் ஏஏசியாகவே இருக்கும். அப்படியானால் மாற்றவே தேவையில்லை. ‘ஹைஃபன் விஎன்’ என்று கொடுத்துப் படத்தை விலக்கி, ‘ஹைஃபன் சி:ஏ காப்பி’ என்று ஒலியை அப்படியே எம்4ஏ கோப்பில் எடுத்துக்கொள்ளலாம். தரம் குறையாது, சில விநாடிகளில் முடிந்தும்விடும்.

பேச்சுக்கும் இணையத்துக்கும்: ஓபஸ்
2012-இல் தரநிலையானது, வாட்ஸ்அப் குரல் செய்திகளில் இருப்பதும் இதுதான். குறைந்த பிட்ரேட்டில் இதற்கு ஈடாக எம்பி3 நிற்காது. மேடைப்பேச்சு, பாட்டி சொன்ன கதை போன்ற பதிவுகளை ஒற்றைச் சேனலாக்கி 32கே கொடுத்தால், ஒரு மணி நேரம் சுமார் 14 எம்பிதான். பேச்சும் தெளிவாகவே கேட்கும். இசைக்கு 96 முதல் 128 வரை வையுங்கள். பழைய கருவிகள் பல இதைத் திறக்காது.

எந்த வடிவத்தைத் தேர்ந்தாலும் ஒன்றை மறக்கக் கூடாது. எம்பி3, ஏஏசி, ஓபஸ் மூன்றும் காதுக்கு எட்டாது என்று கணிக்கும் பகுதிகளை வெட்டியே அளவைக் குறைக்கின்றன. வெட்டியது திரும்ப வராது. 128 எம்பி3-ஐ 320 ஆக்கினாலும் ஃபிளாக் ஆக்கினாலும் கோப்பு பெருக்குமே தவிர, ஒலி மேம்படாது. எம்பி3-ஐ ஓபஸாக மாற்றினால், ஏற்கெனவே வெட்டியதில் இன்னொரு வெட்டு விழும்.

ஆகவே மூலத்தை ஃபிளாக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பிரதி வேண்டும்போதெல்லாம் அதிலிருந்தே எடுங்கள். வீட்டுப் பெரியவர்களுக்கும் காருக்கும் எம்பி3 192, கைபேசிக்கு ஓபஸ். இடம் போதவில்லை என்று தோன்றினால் பிரதிகளை அழியுங்கள், மூலத்தை மட்டும் அழிக்காதீர்கள்.