கூரை கிளப்பிய விவாதம்

கேள்வி: டோக்கியோ ஒலிம்பிக் மைதானத்துக்கு முதலில் தேர்வான வடிவத்தை ஏன் கைவிட்டார்கள்?

பதில்: 2012-இல் வடிவமைப்புப் போட்டியில் தேர்வானது கட்டடக் கலைஞர் ஜஹா ஹதீதின் வடிவம். இசை நிகழ்ச்சிகளும் நடத்த வசதியாகத் திறந்து மூடும் கூரை கேட்டிருந்தார்கள்; அதனால் கட்டடமும் பெரிதானது. மெய்ஜி ஆலயத்தின் மரங்கள் சூழ்ந்த வெளித்தோட்டத்தில் இவ்வளவு பெரிய கட்டடமா என்று 2013-இல் குரல் எழுப்பினார் கட்டடக் கலைஞர் ஃபுமிஹிகோ மாகி. பக்கத்திலேயே உள்ளரங்கம் கட்டியவர். அந்த மண்ணை அறிந்தவர். செலவு மதிப்பீடும் 25,200 கோடி யென்னைத் தொட, 2015 ஜூலையில் பிரதமர் ஷின்சோ அபே திட்டத்தையே ரத்து செய்தார். பின்னர் கெங்கோ குமா வடிவமைத்ததில் பார்வையாளர்களுக்கு மேல் மட்டுமே கூரை; தாழ்வாரங்களில் 47 மாகாணங்களின் மரம். மாகி கேட்டது நியாயம் என்பேன். ஆனால் வடிவமைப்புப் போட்டியை அறிவிக்கும் முன்பே மக்களைக் கேட்டிருக்க வேண்டும். அப்படிச் செய்திருந்தால் ஹதீதின் உழைப்பு வீணாகியிருக்காது.