இரானி ஹோட்டலுக்கு மணி பார்த்துப் போங்கள்

ஊரிலிருந்து யார் வந்தாலும், "ஹைதராபாத்தில் எந்தக் கடையில் சாப்பிடலாம்?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். "எத்தனை மணிக்குப் போகப்போறீங்க?" என்று நான் திருப்பிக் கேட்பேன். செகந்திராபாத்துக்குக் குடிவந்த நாளிலிருந்து இரானி ஹோட்டல்களில் உட்கார்ந்து பழகியவள் என்ற முறையில் சொல்கிறேன், இந்த ஊரில் கடையின் பெயரைவிட நேரம் முக்கியம். பன்னிரண்டரை மணிக்கு அமிர்தமாக இருக்கும் பிரியாணி, நான்கு மணிக்கு அதே கடையில், அதே விலைக்கு, வெறும் மசாலா சோறாகிவிடும்.

பாரிஸ் போனபோது, மணி பார்த்துச் சாப்பிடும் இந்தப் பழக்கம் கைகொடுத்தது. அங்கே பெரும்பாலான உணவகங்கள் மதியச் சாப்பாடு முடிந்ததும் அடுப்பை அணைத்துவிடும். மறுபடி திறக்க ஏழு மணியாகும். நடுவில் பசித்தால் பிராஸரிதான் துணை. போஃபிங்கர் 1864இல் வந்தது, லிப் 1880இல், லா குப்போல் 1927இல். பிராஸரிகளில் பல இடைவேளை இல்லாமல் பரிமாறும் இடங்கள். நான்கு மணிக்கும் வெங்காய சூப் சுடச்சுட வரும். ஜாடியில் குழாய்த் தண்ணீர் கேட்டால் காசில்லாமல் தருவார்கள்; பரிமாறும் கட்டணம் விலையிலேயே அடங்கியிருக்கும். 1870–71 போரில் தோற்று அல்சாஸ் ஜெர்மனியிடம் போனதும், அந்த மண்ணை விட்டுப் பாரிஸுக்கு வந்தவர்கள் பலர் இந்தத் தொழிலில் இறங்கினார்கள். அதே ஆண்டுகளில் பாரசீகத்தில் கொடும் பஞ்சம். யஸ்த், கெர்மான் பக்கத்துக் குடும்பங்கள் பிழைப்பு தேடி பம்பாய்க்கு வந்தன. பின்னால் வந்தவர்களில் பலர் புனே வழியாக நிஜாம் ராஜ்யத்துக்கும் வந்து கடை போட்டார்கள்; அவைதான் இரானி ஹோட்டல்கள். வீட்டை இழந்து வந்தவர்கள், யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் வந்து உட்காரக்கூடிய இடங்களை இரண்டு ஊர்களிலும் உண்டாக்கினார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பளிங்குக்கல் மேஜை, வளைத்துச் செய்த மர நாற்காலி, சுவர் நிறையக் கண்ணாடி எல்லாம்கூட ஒத்துப்போகும். அதனால் ஹைதராபாத்தில் பிரெஞ்சு பிராஸரி எங்கே என்று கேட்பவர்களை நான் இரானி ஹோட்டலுக்கு அனுப்புகிறேன். பிரெஞ்சுச் சமையல் நட்சத்திர ஹோட்டல்களில் கிடைக்கலாம். ஒரு டீயை வைத்துக்கொண்டு மணிக்கணக்காக உட்காரும் உரிமை அங்கே கிடைக்காது.

விடியற்காலையில் தொடங்குவோம். பழைய நகரத்தில் நஹாரி என்றால் ஆட்டுக்கால், நாக்கு எல்லாம் இரவு முழுக்க மெல்லிய தீயில் கொதித்த குழம்பு. ஏழு மணிக்குள் போய்விட வேண்டும். தாமதமானால் குழம்பு இருக்கும், எலும்பில் சதை இருக்காது. அதில் தொட்டுச் சாப்பிட நாலுமுனை நான். புரானி ஹவேலியில் 1851 முதல் இருக்கும் முன்ஷி நான் கடையில் அதைச் சூடாக வாங்கிப் போகலாம். அந்தக் கடையைத் தொடங்கியவர் நிஜாம் அலுவலகத்தில் முன்ஷியாக, அதாவது எழுத்தராக, இருந்தவர். நானை நிறைய வாங்காதீர்கள். ஆறினால் இழுக்க வேண்டியிருக்கும்.

ஒன்பது மணி சுமாருக்குக் கிச்சடி, கீமா, கட்டா. மைசூர் பருப்பு போட்ட கிச்சடியைப் பார்த்ததும் நம் பொங்கல்போலக் குழைவாக இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம், உதிரியாக இருக்கும். அதற்கு ஈரம் தருவது கட்டாதான். எள்ளும் புளியும் சேர்ந்தது. கிச்சடிமேல் மொத்தமாக ஊற்றாமல், ஒவ்வொரு கவளத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டால் கீமாவின் ருசி மறையாது.

டீக்கு நேரம் கிடையாது. ஆனால் டீயைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய உண்டு. இங்கே டிகாக்‌ஷன் தனியாக, மூடி இறுக்கிய பாத்திரத்தில், பிரியாணிக்கு தம் போடுவதுபோல வேகும். பால் இன்னொரு பாத்திரத்தில் சுண்டிக்கொண்டே இருக்கும். கோப்பையில்தான் இரண்டும் சந்திக்கும். நம் ஊர் டீக்கடையில் ஆற்றி நுரைக்க வைப்பார்கள். இங்கே அந்த நுரையைத் தேடக் கூடாது, கனத்தைத்தான் தேட வேண்டும். கூட்டமுள்ள கடையாகப் பார்த்துப் போங்கள். பாத்திரம் அடிக்கடி காலியாகி நிரம்பினால்தான் டிகாக்‌ஷன் கசக்காது. பல கடைகளில் சர்க்கரை முன்பே கலந்திருக்கும் என்பதால் சர்க்கரை நோய் உள்ளவர்கள் கேட்டுவிட்டே சொல்ல வேண்டும். கனமான பால் என்பதால் வெறும் வயிற்றில் இரண்டு கோப்பை வேண்டாம். ஒரு டீயை இருவருக்குப் பிரித்துத் தரச் சொல்லி 'ஒன் பை டூ' கேட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

கூடவே உஸ்மானியா பிஸ்கட். கடைசி நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் பெயரைத் தாங்கியது. இனிப்பில் லேசான உப்பு தெரியும். டீயில் தொட்டதும் எடுத்துவிட வேண்டும், நொடி தாமதித்தால் கோப்பைக்குள் கரைந்துவிடும். சார்மினார் பக்கம் நிம்ரா, லக்டிகாபூல் பக்கம் கஃபே நிலோஃபர், செகந்திராபாத் ரயில் நிலையத்துக்கு எதிரே ஆல்ஃபா. ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்துக்கு ஆல்ஃபாவைவிடத் தோதான இடம் எனக்குத் தெரியாது.

நிலோஃபரில் உட்காரும்போதெல்லாம் அந்தப் பெயருக்குரிய பெண்ணை நினைத்துக்கொள்வேன். பக்கத்தில் இருக்கும் நிலோஃபர் மருத்துவமனையிலிருந்து கடைக்கு வந்த பெயர் அது. துருக்கியிலிருந்து நாடு கடத்தப்பட்ட ஒட்டோமான் அரச குடும்பத்துப் பெண், பிரான்ஸில் நீஸ் நகரத்தில் வளர்ந்தவர். 1931இல் அங்கேயே நிஜாமின் இரண்டாவது மகன் மொஅஸ்ஸம் ஜாவை மணந்து இங்கே வந்தார். தன்னிடம் வேலை பார்த்த பெண் பிரசவத்தில் இறந்துபோனதைத் தாங்க முடியாமல், தாய்மார்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு மருத்துவமனை வேண்டும் என்று முனைந்தார். அதுதான் இது. பின்னாளில் பிரான்ஸுக்கே திரும்பி, 1989இல் பாரிஸில் காலமானார். மருத்துவமனை வாசலில் காத்திருக்கும் குடும்பங்கள் இந்தக் கடைக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போவதைப் பார்க்கும்போது, ஹைதராபாத்துக்கும் பிரான்ஸுக்கும் இதைவிட நெருங்கிய உறவு தேவையில்லை என்று தோன்றும்.

பெண்கள் தனியாகப் போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். தாராளமாகப் போகலாம். நிம்ராவிலும் நிலோஃபரிலும் இப்போது கல்லூரிப் பெண்கள் கூட்டமாக நிற்கிறார்கள். பழைய கடைகளில் கீழ்த்தளம் ஆண்களால் நிரம்பியிருக்கும். மாடியிலோ திரைக்குப் பின்னாலோ 'ஃபேமிலி' பகுதி இருக்கும். எனக்குக் கீழ்த்தளம்தான் பிடிக்கும், அடுப்பங்கரைக்குப் பக்கம். எதிர் நாற்காலியில் முன்பின் தெரியாதவர் வந்து உட்கார்வார். அது இங்கே சகஜம். தலையசைத்துவிட்டு நம் சாப்பாட்டைப் பார்க்கலாம். சர்வரை 'பாய்' என்று கூப்பிடுங்கள். "ஔர் க்யா ஹோனா?" என்று கேட்டால், வேறென்ன வேண்டும் என்கிறார்.

பிரியாணிக்கு நண்பகல். முதல் அண்டா திறக்கும் நேரம் அது. ஹைதராபாத் முறையில் மசாலாவில் ஊறிய பச்சைக் கறிமேல் அரைவேக்காட்டு அரிசியைப் பரப்பி, மூடியை மாவால் அடைத்து தம்மில் வைக்கிறார்கள். கறியும் அரிசியும் ஒரே நேரத்தில் வேக வேண்டும். அந்தக் கணக்கு சரியாக வந்த அண்டாவை உடனே சாப்பிடாமல் விட்டால் அடிச்சோறு நெய்யில் ஊறிக் கனத்துவிடும். ஆம்பூர், திண்டுக்கல் சீரகச்சம்பாவில் வளர்ந்த நாக்குக்கு பாஸ்மதி முதலில் வெறுமையாகத் தெரியலாம். தட்டில் வந்ததும் கிளறாதீர்கள். ஓரத்திலிருந்து அடிவரை தோண்டி, வெள்ளைச் சோறும் மசாலாச் சோறும் கறியும் ஒரே கவளத்தில் வருமாறு எடுங்கள். மிர்ச்சி சாலனைக் குழம்பாக நினைத்து ஊற்றிப் பிசைவது நம்மவர்கள் வழக்கம். கொஞ்சம் தொட்டுக்கொண்டாலே போதும்; ஊற்றினால் கடலையும் எள்ளும் சேர்ந்த அந்தக் கனம் பிரியாணியின் வாசனையை அமுக்கிவிடும். தயிர்ச் சட்னி நீர்க்கத்தான் இருக்கும். பல கடைகளில் ஒரு 'சிங்கிள்' இரண்டு பேருக்குத் தாராளம். மதீனா பக்கம் ஷாதாப், பஷீர்பாக் பக்கம் கஃபே பஹார் ஆகிய இரண்டையும் நான் தயங்காமல் சொல்வேன். 1953இல் ஒரு சினிமா தியேட்டரின் கேன்டீனாகத் தொடங்கிய பாரடைஸ் குழந்தைகளோடு போக வசதி. இனிப்புக்கு டபுள் கா மீட்டாவோ குபானி கா மீட்டாவோ வேண்டுமென்றால் பிரியாணி சொல்லும்போதே சொல்லிவிடுங்கள், சீக்கிரம் தீர்ந்துவிடும்.

நான்கு மணிக்குச் சின்ன சமோசா. கேட்காமலேயே ஒரு தட்டு நிறைய மேஜைக்கு வரும். எத்தனை எடுத்தீர்களோ அத்தனைக்குத்தான் காசு. சைவர்கள் கவனிக்க: அந்தச் சின்ன சமோசாவுக்குள் பெரும்பாலும் வெங்காயம் இருக்கும், சதுரமாக இருக்கும் லுக்மிக்குள் கொத்துக்கறி. எண்ணெய்ச்சட்டி ஒன்றா வேறா என்று கேட்டுக்கொள்வது நல்லது. பழைய கடைகளில் பில் காகிதம் கிடையாது. நீங்கள் கல்லாவுக்கு நடக்கும்போது சர்வர் பின்னாலிருந்து கணக்கைக் கூவுவார், அதைக் கட்டினால் போதும்.

இந்தக் கடைகள் குறைந்துகொண்டே வருகின்றன. தெருமுனை இடங்கள் ஒரு காலத்தில் இரானிகளுக்கு மலிவாகக் கிடைத்தன என்பார்கள். இன்று அதே முனைகளுக்குத்தான் வாடகை அதிகம். பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அபிட்ஸில் 1935இலிருந்து இருக்கும் கிராண்ட் ஹோட்டல் போன்றவற்றை ஊருக்கு வரும் ஒவ்வொருவருக்கும் காட்டிவிடுகிறேன். டீயோடு எழுந்துவிடாமல் ஒரு சாப்பாடும் சொல்லுங்கள். சர்வருக்கு டிப்ஸைக் கையில் கொடுங்கள்.

ரம்ஜான் மாதத்தில் இந்த அட்டவணை முழுக்க மாறிவிடும். பழைய நகரத்தில் பகலில் பல ஹோட்டல்கள் மூடியிருக்கும், மதியச் சாப்பாட்டை நம்பி அங்கே போக வேண்டாம். நோன்பு திறந்ததும் ஊரே ஹலீமுக்குத் திரளும். 2010இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம் அது. கோதுமையும் கறியும் பருப்பும் மண் அடுப்பில் மணிக்கணக்கில் வெந்து, பெரிய மரக்கட்டையால் இடிபட்டு ஒன்றாகிவிடும். அடுப்பு தெருவோரத்தில் எரியும் கடையாகப் பாருங்கள். நோன்பு திறக்கும் முதல் அரைமணியை நோன்பாளிகளுக்கு விட்டுவிட்டு அதன்பின் போங்கள். எலுமிச்சை பிழிந்து, வறுத்த வெங்காயத்தோடு சூடாகச் சாப்பிடுங்கள். இரண்டாம் தட்டு வேண்டாம், அதன்பின் ஒரு இரானி டீக்கு வயிற்றில் இடம் வேண்டும்.